ஒழுகாத ஜாயிண்ட்

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் கிளினிக்கில் கை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு பல் செட், மேல் வரிசை. டாக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வேலை மாதிரி தெரியலையே" என்றார். எந்தத் தொழில்காரனும் முதலில் சொல்வது அதுதான்.

சாயங்காலம் மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர் ஒரு தாளோடு வந்தார். அவருடைய நாலு வயதுப் பெண்ணுக்கு ரத்தத்தில் ஈயம் இருக்கிறதாம். பதினாலு. மூன்றரைக்கு மேல் போனாலே டாக்டர்கள் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். சுவர் பெயிண்ட், பொம்மை எல்லாம் பார்த்தாயிற்று, மிச்சம் இருப்பது தண்ணீர்தான். குடிநீர் அலுவலகம் வந்து சோதிக்க வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்.

போட்டேன். போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "டீச்சர், குழாய்லேர்ந்து வர சான்ஸே இல்ல. மொத்தமும் செம்பு. நாலு மாடி, நாப்பத்தெட்டு வீடு, பதினோரு வருஷம் முன்னாடி நான் போட்டது. இன்னிக்கு வரைக்கும் ஒரு ஜாயிண்ட் ஒழுகினதில்ல" என்றேன். பெருமைதான். இந்தக் கட்டடத்துக்குக் குழாய் போட்டு, இடம் பிடித்துப்போய் இங்கேயே வாடகைக்கு வந்தவன் நான். தான் போட்ட குழாயில் தானே தண்ணீர் குடிக்கும் பிளம்பர் ஊரில் எத்தனை பேர்?

டீச்சர் நோட்டில் 'செம்பு' என்று எழுதிக்கொண்டு போனார்.

மார்ச் 5, புதன்

டீச்சர் சொன்னது மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றட்டும். எனக்கென்ன.

மார்ச் 14, வெள்ளி

அலுவலகத்திலிருந்து செவ்வாய்க்கிழமை வருகிறார்களாம். வீட்டுக்கு வீடு குழாயைத் தேய்த்துத் துலக்குகிறார்கள். சோதிக்கப்போவது தண்ணீரைத்தான், குழாயின் அழகை இல்லை என்று சொன்னால் கேட்பாரில்லை. என் மனைவியும் துலக்கினாள்.

மார்ச் 18, செவ்வாய்

பத்தரைக்கு வந்தார்கள். ஒரு இன்ஜினியர், ஒரு பெட்டி, பெட்டி நிறைய பாட்டில். இங்கே பிளம்பர் யார் என்று கேட்டு என்னையே கூட்டிக்கொண்டு போனார்கள். பத்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் நான் முன்னால் போய்க் குழாயை முழுசாகத் திறந்து, தண்ணீர் குளிர்ந்து தெளிந்து வரும்வரை ஓடவிட்டு, குழாய் வாயைத் துணியால் துடைத்து, அதற்கப்புறம்தான் பாட்டிலுக்குக் கை நீட்டினேன். "வேலை தெரிஞ்ச ஆளு" என்றார் இன்ஜினியர். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் எதற்கு.

ஏப்ரல் 2, புதன்

முடிவு வந்துவிட்டது. பத்து வீட்டிலும் ஈயம் வரம்புக்குக் கீழே. தண்ணீர் நல்ல தண்ணீர்.

கட்டடமே மாடிப்படியில் கூடிவிட்டது. கீழ்வீட்டு டைலர், "டீச்சரம்மா, உங்க பொண்ணு பென்சிலைக் கடிச்சிருக்கும், நீங்க ஊரையே கலக்கிட்டீங்க" என்று சிரித்தார். கூடச் சேர்ந்து பத்துப் பேர் சிரித்தார்கள். வாடகைக்கு ஆள் வராமல் போகுமே என்று பயந்து கிடந்தவர்கள், சிரிக்கத்தானே செய்வார்கள்.

டீச்சர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கேட்டார்: "பாட்டில்ல பிடிக்கறதுக்கு முன்னாடி குழாயைத் திறந்து விட்டாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தண்ணீர் ஆறு மணி நேரமாவது குழாய்க்குள் அசையாமல் நிற்க வேண்டுமாம். அப்புறம் திறந்ததும் வருகிற முதல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டுமாம். அலுவலகத்தின் சொந்தப் புத்தகத்திலேயே அப்படி இருக்கிறது. "நின்ன தண்ணியை நீங்க சாக்கடைக்கு அனுப்பிட்டீங்க. அவங்க பத்தரைக்கு வந்ததும் தப்பு, நீங்க திறந்ததை வேடிக்கை பார்த்ததும் தப்பு. அவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்றேன். அது உண்மை. வேலை முடிந்ததும் முதல் தண்ணீரை ஓடவிட்டுத்தான் வீட்டுக்காரரைக் கூப்பிடுவோம். முதல் தண்ணீரில் துகள் வரும், கசடு வரும், பார்த்தால் பயந்துவிடுவார்கள். இருபது வருஷப் பழக்கம். குழாயைக் கண்டால் கை தானாகப் போகிறது.

ஏப்ரல் 5, சனி

என்னிடம் சொல்லாமல் வியாழக்கிழமையே என் மனைவி எங்கள் பெண் வாலுவைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இன்றைக்குத் தாளை என் முன்னால் வைத்தாள்.

பதினொன்று.

"காலையில எழுந்ததும் யாரும் குழாயைத் தொடறதுக்கு முன்னாடி அவ ஸ்கூல் பாட்டிலைத்தான் ரொப்புவேன். ராத்திரி பூரா நின்ன தண்ணி, சில்லுன்னு இருக்குமேன்னு." இதையே நாலு தடவை சொன்னாள். ஐந்தாவது தடவை சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். சளி பிடித்தால் அதே தண்ணீரைக் காய்ச்சியும் கொடுத்திருக்கிறாள். காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும், ஈயம் குறையாதாம்.

வெளியில் ஒன்றும் தெரியாது என்கிறார் டாக்டர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. மூளை வளர்கிற வயதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். கவனம் நிற்காது, படிப்பு ஏறாது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகும் என்றும் இல்லை, ஆகாது என்றும் சொல்ல முடியாது.

வாலுவுக்கு ஆறு வயதாகிறது. இன்னும் சில எழுத்தைத் திருப்பிப் போடுகிறாள். சோம்பேறிக் கழுதை என்று திட்டியிருக்கிறேன். போன வாரம்கூடத் திட்டினேனே — ஐயோ, நோட்டைப் பிடுங்கி எறிஞ்சேனே.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவும் பெண்ணும் என் மச்சினி வீட்டுக்குப் போயிருந்தார்கள். வால்வை மூடிவிட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்து ஒரு ஜாயிண்டை அறுத்து எடுத்தேன். நல்ல ஜாயிண்ட். சுற்றிலும் ஒரே சீராக, மோதிரம் போட்ட மாதிரி. உள்பக்கம் பார்த்தேன். வழிந்து இறங்கிய ஈயம் கட்டி கட்டியாக நிற்கிறது. நகத்தால் கீறினால் கீறல் விழுகிறது. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன், மங்கலாக ஒரு கோடு விழுந்தது.

எழுதிவிடுகிறேன். அந்த வேலைக்குக் காண்ட்ராக்டரிடம் பற்றவைக்கும் கம்பி இரண்டு வகை இருந்தது. ஒன்றில் ஈயம் கிடையாது. உருகச் சூடு அதிகம் வேண்டும், நேரம் பிடிக்கும். இன்னொன்று பாதிக்குப் பாதி ஈயம், தீயைக் காட்டினால் போதும், வெண்ணெய் மாதிரி ஓடும். இரண்டாவதைத்தான் என் கையில் கொடுத்தார். சுருளின் மேல் சின்ன எழுத்தில் 'குடிநீர்க் குழாய்களுக்கு அல்ல' என்று இருந்தது. படித்தேன். அவரிடம் காட்டவும் செய்தேன். "அட, ஓடற தண்ணி நின்னு நக்கிட்டா போகப்போவுது? வேலையை முடிப்பா" என்றார்.

முடித்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது. மறக்கவில்லை. மார்ச் 4 அன்று டீச்சர் வாயில் ஈயம் என்ற சொல் வந்தபோதே அந்தச் சுருள் கண்முன் வந்துவிட்டது. செம்பு, செம்பு என்று அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதனால்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

மனைவியிடம் சொன்னேன். அறுத்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் காண்ட்ராக்டரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளை. அந்த ஆளு கொடுத்தாரு, நீங்க போட்டீங்க. இதுல யாரு யாரைத் திட்டறது?" என்றாள். பழமொழி வேறு இவ்வளவு பொருத்தமாக வந்து தொலைத்தது.

அப்புறம், "டீச்சர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சொல்லவில்லை. வேலை இருந்தது. இல்லை, வேலையும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

சொன்னேன். வாசலில் நின்றபடியேதான். உள்ளே அவருடைய பெண் எதையோ தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

டீச்சர் கத்துவார் என்று நினைத்தேன். "ஒரு வீட்டுக்கு எத்தனை ஜாயிண்ட்?" என்று கேட்டார். பதினாலு என்றேன். "அறுநூத்தி எழுபத்திரண்டு" என்றார், மூச்சு விடுகிற நேரத்துக்குள். கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்தாலும் பெருக்கல்தான் வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து எங்கள் வீட்டுக்கே இறங்கி வந்தார். "முதல்ல எல்லா வீட்டுலயும் முறைப்படி தண்ணி பிடிப்போம். நம்பர் கையில இருக்கணும். அப்புறம் நீங்க எல்லார் முன்னாடியும் சொல்றீங்க. நான் சொல்ல மாட்டேன். அது உங்க வீட்டுப்பாடம்."

"சரிங்க டீச்சர்" என்றேன். நாற்பத்திரண்டு வயதில் பெஞ்சுமேல் நின்ற மாதிரி இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் சமையலறைக் குழாயில் காகிதம் கட்டினோம்: 'நாங்கள் வரும்வரை திறக்காதீர்கள்.' காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். நான் திறக்கவில்லை. வீட்டுக்காரரைத் திறக்கச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். டீச்சர் பாட்டிலில் வீட்டு எண்ணை எழுதினார்.

நாலாம் மாடி பஸ் டிரைவர் காகிதத்தைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, மறுபடியும் கட்டி வைத்திருந்தார். தாடியில் ஈரம். "கொஞ்சூண்டுதாங்க" என்றார். டீச்சர் பார்த்த பார்வையில், நாளைக்கு மறுபடி பிடிக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

டைலர் கதவையே திறக்கவில்லை. அவர் மருமகள் மட்டும் மாடிப்படி வளைவில் வந்து ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். "மாமாவுக்குத் தெரிய வேணாம்ணா" என்றாள்.

மே 2, வெள்ளி

நாற்பத்து நாலு பாட்டில். முப்பத்தேழில் வரம்புக்கு மேல். எல்லாவற்றிலும் அதிகம் என் வீடு. இரண்டாவது டைலர் வீடு.

டீச்சர் தாளைக் கொண்டுபோய் டைலரிடம் நேராகவே கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அப்புறம் உள்ளே பார்த்து, "அம்மாடி, அந்தத் தண்ணியைக் கீழ ஊத்தும்மா" என்றார். அவ்வளவுதான். அவருக்கும் என்மேல் இன்னும் கோபம் இல்லை. தெரியாதே.

மே 6, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம். காற்றுவாக்கில் காண்ட்ராக்டர் காதுக்கும் எட்டியிருக்கிறது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் போன்.

"வேலை முடிஞ்ச பேப்பர்ல கையெழுத்து யாருது? உன்னுது. நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. கம்முனு இருந்தா கம்முனே போயிடும். லைசென்ஸ் போச்சுன்னா குடும்பத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

அந்த ஆள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். லைசென்ஸ் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? பக்கத்து அறையில் வாலு சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே வரியை மூன்று தடவை படித்தாள், மூன்று தடவையும் வேறு வேறு மாதிரி. போனை வைத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

நீளமான மேசை. அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் தலைவி அம்மா. இந்தப் பக்கம் எங்கள் கட்டடத்து ஆட்கள் முப்பது பேர்.

டீச்சர் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இன்ஜினியர் எழுந்து, இதெல்லாம் அதிகாரப்பூர்வ மாதிரி இல்லை, பாட்டிலில் யார் எதைக் கலந்தார்களோ, நாங்கள் எடுத்த பத்தும் சுத்தம் என்றார். தலைவி அம்மா தாளை மூடப்போனார்.

எழுந்துவிட்டேன். "அம்மா, அந்தப் பத்துப் பாட்டிலுக்கும் முன்னாடி குழாயைத் திறந்து விட்டவன் நான்தான். சார் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு." அறுத்த ஜாயிண்டை மேசைமேல் வைத்தேன். "இதைப் போட்டவனும் நான்தான். ஈயக் கம்பி. குடிதண்ணிக்கு ஆகாதுன்னு அதுலயே எழுதியிருந்தது. படிச்சேன். படிச்சிட்டுத்தான் போட்டேன். நாப்பத்தெட்டு வீட்டுலயும் இதுதான்."

பின்னாலிருந்து "அடப்பாவி" என்று ஒரு குரல். டைலர்.

இன்ஜினியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ தப்பு உங்களுது." "ஆமா சார். என் தப்பை மாத்தச் சொல்லித்தான் வந்திருக்கேன். சுத்தம்னு எழுதிக் கொடுத்தீங்களே, அது யார் தப்புன்னு நீங்க சொல்லுங்க" என்றேன். தைரியம் எங்கிருந்து வந்ததோ.

தலைவி அம்மா ஜாயிண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இந்த ஒரு கட்டடம் மட்டும்தானா?"

அந்தக் கேள்வி வராமல் போய்விட்டால் தேவலை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் பையில் பழைய டைரிகளை எடுத்து வைத்திருந்தேன். ஹார்ட்வேர் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது. எங்கே வேலை, என்ன அளவு, எந்தக் கம்பி என்று எல்லாம் எழுதிவைக்கிற புத்தி எனக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் கடையில் அந்தக் கம்பி வருவது நின்றது. அதனால்தான் நானும் நிறுத்தினேன், ஞானம் வந்து இல்லை.

இருபத்து மூன்று இடம். வாசித்தேன். ஏழாவதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். அது பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம்.

மே 10, சனி

போன் அடிக்கவில்லை. நல்லது, சார்ஜ் நிற்கிறது.

மே 13, செவ்வாய்

கட்டடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் லாரியில் தண்ணீர் வருகிறது. மிச்ச இடங்களில் சோதனை ஆரம்பித்துவிட்டது, இந்தத் தடவை காலை ஐந்தரைக்கு. வரிசையில் என் மனைவி நின்றால் இடம் விடுகிறார்கள், பேசுவதில்லை. குடத்தைத் தூக்கிவிட மட்டும் டைலர் மருமகள் வருகிறாள். நீ தூக்கக் கூடாதுடி என்று இவள் அவளைத் திட்டுகிறாள். மாடிப்படியில் டைலர் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொள்கிறார். பார்க்கட்டும். நியாயம்தான்.

ஜூன் 17, செவ்வாய்

லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குக் கிடையாது. காண்ட்ராக்டர்மேலும் வழக்கு. இன்ஜினியரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பழைய மரச்சாமான் கடையில் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறேன். இடுப்பு பேசுகிறது.

ஜூலை 21, திங்கள்

எங்கள் கட்டடத்தில் குழாய் மாற்ற வந்துவிட்டார்கள். சுவருக்குள் குழாய் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் ஒரு மாதிரி, சுவரில் ஒரு மாதிரி. கடைசியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக் காட்டினேன். கருவியைத் தொடக் கூடாது. ஒருவன் குழாயைக் கோணலாக அறுத்துக்கொண்டிருந்தான். கை பரபரத்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் தாங்காமல், "தம்பி, நேரா பிடி" என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, சனி

வாலு: ஆறு. டீச்சர் பெண்: எட்டு. இறங்குகிறது. எண் இறங்கும், இதற்குள் நடந்துவிட்டது எவ்வளவு என்று அளக்க எங்களிடம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். அவர் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. வரும் வழியெல்லாம் அழுதாள்.

டைலருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை. சத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் ஒரு அம்மா வந்தாள். யாரென்று தெரியாது. கூட ஒன்பது வயதுப் பெண். "லிஸ்ட்ல ஏழாவது ஸ்கூல் இருந்துதே, அதைப் படிச்ச ஆள் நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திட்டப்போகிறாள் என்று நின்றேன். வேண்டியதுதானே.

திட்டவில்லை. "இவ அங்க நாலு வருஷம் தண்ணி குடிச்சா. வகுப்புல ரொம்பப் பின்னாடி. புத்தி அவ்வளவுதான்னு விட்டுட்டோம். கிளினிக்குப் போகணும். என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியலைங்க. கூட வர்றீங்களா?"

மரச்சாமான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். வரிசை நீளம். அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கைவிரலில் உள்ள தீக்காயத் தழும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் நாலுக்கு அப்புறம் விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. நான் விரலை மடக்காமல் வைத்திருந்தேன்.

கவுண்டரில் நர்ஸ் படிவத்தை நிரப்பினார். பெண்ணின் வயது, முகவரி, கூட வந்தவர்கள். அம்மாவை எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க? அப்பாவா?"

"இல்லைங்க" என்றேன். "இவ குடிச்ச குழாயைப் போட்டவன்."

நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.